சம்பளம் எவ்வளவு என்று கேட்டது திமிரா?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சாரிக் கடைக்கு வேலை கேட்டுப் போய், சம்பளம் எவ்வளவு என்று கேட்டதற்குச் சிரிப்பு வாங்கி வந்ததைப் பற்றி நான் போட்ட பதிவுக்குப் பிறகு இன்பாக்ஸில் வந்து குவிகிற புத்திமதிகளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. "எடுத்த எடுப்பிலேயே சம்பளம் கேட்டது பிழைதானே தங்கச்சி?" என்று நான் மதிக்கிற ஓர் அண்ணாவே கேட்கிறார்.

எடுத்த எடுப்பிலேயா? காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். அதற்கு முன்பே போய்விட்டேன். பகல் சாப்பாட்டு நேரம் வரை சாரி தட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள், உட்கார ஒரு ஸ்டூல்கூடத் தரவில்லை. பிறகு முதலாளி காசாளர் மேசையில் நின்று பில் போட்டபடியே, வாங்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என்னை விசாரித்தார். நேர்முகப் பரீட்சை என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொந்த இடம் எது என்றார். ஹட்டன் பக்கம் என்றேன், மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதி. அதுவரை இருந்த மரியாதை அந்த நிமிஷத்தோடு போய், "நீ, வா, போ" ஆகிவிட்டது. அப்பா என்ன வேலை, வீட்டில் கல்யாணம் பேசுகிறார்களா, கட்டினால் வேலையை விட்டுவிடுவாயா, அறையில் யார் யாரோடு தங்கியிருக்கிறாய்? இவ்வளவும் கேட்டவர், நான் உயர்தரப் பரீட்சையில் (ஏ.எல்.) வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்ததைக் கேட்கவில்லை. புறக்கோட்டையில் ஒரு கடையில் ஸ்டொக் பார்த்திருக்கிறேன், அதையும் கேட்கவில்லை. என் சி.வி.யைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் யாருக்கோ துணி மீற்றர் கணக்குப் பார்த்தார்.

இத்தனைக்கும் பதில் சொன்ன பிறகுதான் கேட்டேன்: "சம்பளம் எவ்வளவு சேர், வேலை நேரம் எப்படி?" உடனே பில்லுக்குக் காத்து நின்ற அம்மாவின் பக்கம் திரும்பி, "பாருங்கோ, வேலை தெரியுமோ எண்டு பார்க்க முதலே காசைத்தான் கேக்குதுகள்" என்று சிரித்தார். அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

சம்பளம் கேட்டதில் என்ன பிழை? அந்தக் கடையில் ஒரு சாரியைத் தொட்டதும் யாரும் முதலில் விலையைத்தானே பார்க்கிறார்கள்? அதைத் திமிர் என்று அவர் சொல்வாரா? என் உழைப்புக்கு மட்டும் விலை கேட்கக் கூடாதா?

சட்டம் தெரியாமல் பேசுகிறாய் என்று ஒருவர் எழுதியிருந்தார். தெரிந்துதான் பேசுகிறேன். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தைக் கழித்து நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம், வாரம் ஒன்றரை நாள் லீவு, அதற்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம். வேலைக்கு எடுத்தால் சம்பளமும் நிபந்தனைகளும் எழுதிய நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. எழுத்தில் தர வேண்டிய ஒன்றை வாயால் கேட்டதற்கா எனக்கு அந்தச் சிரிப்பு? தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. நான் வெளியே வரும்போது படியில் வைத்து அங்கே வேலை செய்கிற அக்கா ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "பழகும் வரைக்கும் இருபத்திரண்டுதான் தருவாங்க, முதல்லயே சொல்லமாட்டாங்க." ஏன் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில்தான் அவருடைய இளமை முழுவதும் போனது. நல்ல மனிதர், ஒரு நாளும் எதையும் கேட்காதவர். முதலாளி கையில் வைத்ததை எண்ணாமலே சட்டைப் பைக்குள் போடுவார். முதுகு போய் வேலையை விட்ட பிறகு ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போனார். மாதா மாதம் சம்பளத்தில் ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம் என்று வருஷக்கணக்கில் சேர்ந்திருக்க வேண்டிய காசு. கடைசிக் கொஞ்சக் காலத்துக்குத்தான் கட்டியிருந்தார்கள். அப்பா அப்போதும் முதலாளியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். நான் கேட்பது அதனால்தான்.

சின்னக் கடைகளின் கஷ்டத்தையும் யோசி என்கிறீர்கள். யோசிக்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை கடைகள் ஷட்டரை இழுத்துப் பூட்டின என்று கொழும்பின் காலி (Galle) வீதியில் நடந்தாலே தெரியும். வாடகை, கரண்ட் பில், பொருள் விலை எல்லாம் உண்மை. ஆனால் வந்த பிள்ளையை உட்காரச் சொல்ல எவ்வளவு காசு செலவாகும்? கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பார்மசி, மொத்தமே மூன்று பேர் வேலை செய்கிற இடம். போனில் பேசும்போதே நேரம் இது, சம்பளம் இது, சம்மதமென்றால் வாங்கம்மா என்றார் அந்த ஐயா. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. மருந்து அனுபவம் உள்ள ஒருவரை எடுத்தோம் என்று மறுநாள் அவரே கூப்பிட்டுச் சொன்னார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள் என்கிறீர்கள். சம்பள நாள் அன்றைக்குத்தான் சம்பளம் தெரிகிறது என்றால் ஓடாமல் என்ன செய்வார்கள்?

நம்முடைய தமிழ் ஆட்களின் கடையையே இப்படி வெளியில் இழுக்கலாமா என்று கேட்டவருக்கு: நான் கடையின் பெயரை எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். நம்முடைய ஆட்கள் என்று என்னிடம் சொல்கிற நீங்கள், ஹட்டன் என்றதும் அவருடைய குரல் மாறியதைப் பற்றி ஏன் ஒரு வரி எழுதவில்லை? கொழும்புக் கடைகளில் துணி மடிப்பதும் மூட்டை தூக்குவதும் கடை பூட்டிய பிறகு கூட்டுவதும் பெரும்பாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி வரை நின்று வேலை செய்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே ஊருக்குப் போகிறவர்கள். அப்போது மட்டும் நாங்கள் உங்கள் ஆட்களா? சத்தியமாக வலிக்கிறது.

அடுத்த கிழமை அந்த வெள்ளவத்தைக் கடை இருக்கிற அதே வீதியில் இன்னொரு கடைக்குப் போகிற தங்கச்சி ஒருத்தி, சம்பளம் கேட்கலாமா அக்கா, கோபிப்பார்களா என்று எழுதியிருக்கிறாள். கேளுங்கள் தங்கச்சி. போவதற்கு முதலே போனில் கேளுங்கள். சொல்லாவிட்டால் பஸ் காசைச் செலவழித்துப் போக வேண்டாம். போனால் சான்றிதழ்களின் கொப்பியை மட்டும் கொடுங்கள். ஒரிஜினலை வைத்துவிட்டுப் போ என்று என்னிடமும் சொன்னார்கள், நான் கொடுக்கவில்லை. சேமலாப நிதி கட்டுவார்களா என்பதையும் கேளுங்கள்.