புதுக் கார் வாங்குமுன் பின் பிரேக்கைப் பற்றிக் கேளுங்கள்

புதிதாகக் கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், சொந்தமாக ஸ்பேனர் பிடிக்கும் நண்பர்கள் அத்தனை பேரும் பயமுறுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். "இப்போது வருகிற வண்டியில் நீ கை வைக்கவே முடியாது, எல்லாம் கம்ப்யூட்டர், பேசாமல் பழைய வண்டியையே ஓட்டு." இதில் பாதி உண்மை. மீதி, பழைய வண்டிகளைப் பற்றிய வசதியான மறதி.

பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும், பிளக்கின் பொறிக்காக மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் பாயிண்டும் இருந்த காலத்தில் நம் வேலையை நாமே பார்க்க முடிந்தது, சரி. பார்க்காமல் தப்பிக்கவும் முடியாது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பாயிண்ட் தேய்ந்துகொண்டே இருக்கும். பிளக்கை அடிக்கடி கழற்றிக் கரி துடைக்க வேண்டும். குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு வண்டியைக் கெஞ்ச வேண்டும். இன்றைய இரிடியம் பிளக்குகளில் பல, லட்சம் கிலோமீட்டர் வரை அசருவதில்லை.

கோளாறு வந்தாலும் கண்டுபிடிப்பது முன்பைவிட எளிது. டேஷ்போர்டுக்குக் கீழே கம்ப்யூட்டர் குறித்து வைத்த கோளாறு எண்களைப் படிப்பதற்கான, 16 முனை கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கிறது. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயம். சாதாரண ஸ்கேனரைச் செருகினால் 'பி0301' என்று வருகிறது என வையுங்கள். முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். அதன் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அடுத்த முறை 'பி0302' என்று எண் கூடவே நகர்ந்தால் குற்றவாளி காயில்தான். நகராவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். கார்புரேட்டர் காலத்தில் இதே கோளாறுக்குக் காதை வைத்து ஊகித்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே வண்டிக்குள் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது என்பது எனக்குப் பொருட்டே இல்லை. அவை என் வேலைக்குக் குறுக்கே நிற்கின்றனவா என்பதுதான் கேள்வி. அதைச் சோதிக்க நான் முதலில் பார்ப்பது பின் பிரேக்கை.

பழைய ஏற்பாட்டில் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தி, பேடைச் சக்கரத்தின் தட்டோடு அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டனைத் திருகியோ அழுத்தியோ உள்ளே தள்ளிவிட்டுப் புதுப் பேடைப் பொருத்திவிடலாம். இப்போது ஹேண்ட் பிரேக் நெம்புகோல் இருந்த இடத்தில் ஒரு பட்டன். பல வண்டிகளில் பின் கேலிப்பரின் முதுகிலேயே சிறிய மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு திருகைச் சுழற்றிப் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. மோட்டாரை முதலில் பின்வாங்க வைக்காமல் கிளாம்பைப் போட்டு நெருக்கினால் உள்ளே பல்சக்கரமோ திருகோ உடையும். அதைப் பின்வாங்க வைக்க 'சர்வீஸ் மோடு' வேண்டும். சில தயாரிப்பாளர்கள் பெடலை மிதித்துப் பட்டனை ஒரு குறிப்பிட்ட முறையில் பிடித்தாலே அந்த நிலைக்குப் போகும்படி வைத்திருக்கிறார்கள். வேறு சிலரோ ஸ்கேனர் இல்லாமல் விடுவதில்லை. அதே மோட்டார், அதே திருகு. யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம்.

அந்த ஸ்கேனரையும் நாமே வாங்கிவிடலாமே என்றால், அங்கேயும் பூட்டு வந்துவிட்டது. ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் தன் 2018 மாடல்கள் சிலவற்றிலிருந்து, வண்டியின் கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் பாதுகாப்பு வாயில் ஒன்றை வைத்தது. வெளி ஸ்கேனர் கோளாறு எண்ணைப் படிக்கலாம். அழிக்கவோ மோட்டாரை இயக்கவோ வேண்டுமென்றால் பதிவு செய்த கருவியும் கணக்கும் வேண்டும். திருடர்களையும் ஹேக்கர்களையும் தடுக்கத்தான் என்கிறார்கள். அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் வீட்டை விற்றுவிட்டுச் சமையலறைச் சாவியை மட்டும் தன் இடுப்பில் செருகிக்கொள்வதுபோல் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012-இலும் 2020-இலும் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஆதரவாகவே வாக்களித்தார்கள். இரண்டாவது முறை, வண்டி கம்பியில்லாமல் அனுப்பும் தகவல்களுக்கும் சேர்த்து. தயாரிப்பாளர்களின் சங்கம் உடனே நீதிமன்றம் போனது.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். சில கார்களில் பேட்டரியை மாற்றினால் அதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். முன் கண்ணாடியை மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் கேமராவை மறுபடி அளவுபடுத்த வேண்டும். இது நம் வீட்டு வாசலில் நடக்கிற காரியமில்லை. கியர்பாக்ஸில் ஆயில் குச்சியையே எடுத்துவிட்டு "ஆயுள் முழுவதற்குமான ஆயில்" என்கிறார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்டால் பதில் வராது. ஹைப்ரிட்டில் ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பிகளை மட்டும் நான் தொடமாட்டேன், நீங்களும் தொடாதீர்கள். உயர் மின்னழுத்தத்தைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும். அது பயிற்சி பெற்றவர் வேலை. அதே ஹைப்ரிட்டில் கேபின் ஃபில்டர், கூலண்ட் அளவு, டயர், வைப்பர் எல்லாம் எப்போதும்போல நம் வேலைதான்.

ஷோரூமுக்குப் போகுமுன் உரிமையாளர் கையேட்டை இணையத்தில் இறக்கிப் படித்துவிடுகிறேன். பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது. முன் விளக்கை மாற்றும் பக்கத்தில் "அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும்" என்று ஒரே வரி இருந்தால் அந்தத் தயாரிப்பாளரின் மனது தெரிந்துவிடும். பிறகு நேரில் பானெட்டைத் திறந்து ஆயில் ஃபில்டருக்குக் கை போகிறதா என்று பார்க்கிறேன். விற்பனையாளர் திரையின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார், பேசட்டும்.

சமீபத்தில் கார் வாங்கியவர்கள் பின் பிரேக் பேடை நீங்களே மாற்றியிருந்தால், ஸ்கேனர் தேவைப்பட்டதா இல்லையா என்பதை மட்டும் மாடல் பெயரோடு சொல்லுங்கள். மைலேஜ் வேண்டாம், அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.