கடையோ ஆலையோ விற்பதற்குத் தரகர் ஒருவரே போதுமா? – உண்மை விளக்கம்

சொந்தக் கடையையோ அரிசி ஆலையையோ விற்பவருக்குத் தரகர் ஒருவரே போதும் என்றும், வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் கையளித்தவுடன் காணியும் கட்டடமும் வாங்குபவருக்கு உரித்தாகிவிடும் என்றும் இலங்கையின் வன்னிப் பகுதி வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி பகிரப்படுகிறது. இது தவறு.

அச்சான்றிதழ் அப்பெயரில் தொழில் நடத்துபவர் யார் என்பதைக் காட்டுமேயன்றிச் சொத்துரிமையை மாற்றாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அசையாச் சொத்தின் விற்பனை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட வேண்டும்.

வன்னியில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இங்குள்ள குடியேற்றத் திட்டங்களில் பல கடைகளும் ஆலைகளும் நிற்பது உறுதிப்பத்திரம் உள்ள தனியார் காணியான உறுதிக் காணியிலன்று, அரசு அனுமதிப்பத்திரத்தின் மூலம் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியில். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அக்காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல இணக்கமின்றிக் கைமாற்ற முடியாது. எனவே முதலில் நாட வேண்டியவர் காணி விடயத்தில் பழக்கமுள்ள சட்டத்தரணியே.

விலையைத் தீர்மானிக்கக் கணக்காளர் தேவை. இயந்திரத்தையும் நெல் இருப்பையும் எவரும் எண்ணிவிடலாம். கடன் கொப்பியில் வரவேண்டியதில் எவ்வளவு தேறும், ஊழியர் சேமலாப நிதியில் நிலுவை உண்டா என்பவற்றைத் தரகர் பார்ப்பதில்லை. வாங்குபவரைத் தேடித் தருவது அவருடைய வேலை, அது பயனுள்ளதும்கூட. அவருடைய தரகுப் பணத்தை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்வது நல்லது.

அந்த வட்ஸ்அப் செய்தியை மேலும் பகிர வேண்டாம். உறுதிக் காணியின் விபரத்தைக் காணிப் பதிவகத்திலும், அனுமதிப்பத்திர விபரத்தைப் பிரதேச செயலகக் காணிக் கிளையிலும் நேரில் சரிபார்க்கலாம்.