ஓபா-லோக்காவில் பூட்டி வைக்கப்பட்டவர்கள்

பிடல் காஸ்ட்ரோவின் புரட்சி அரசைக் கவிழ்க்க, அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. பயிற்றுவித்த நாடுகடந்த கியூபர்கள் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் நடத்திய படையெடுப்பு ஏன் தோற்றது என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: 1961 ஏப்ரல் 16 மாலையில், இரண்டாவது விமானத் தாக்குதலை அமெரிக்க அதிபர் கென்னடி நிறுத்திவிட்டார் என்பது. நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். இப்போது அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. விமானங்கள் வந்திருந்தால் கரையிறங்கிய சுமார் 1,400 பேரும் இன்னும் சில நாள் தாக்குப்பிடித்திருக்கலாம். ஆனால் அவர்களைக் கண்டதும் கியூப மக்கள் கிளர்ந்தெழுவார்கள் என்ற எதிர்பார்ப்பின் மேல் கட்டிய திட்டத்தை எந்த விமானமும் காப்பாற்றியிருக்க முடியாது.

அவர்கள் இறங்கிய இடத்தைப் பாருங்கள். முதலில் குறித்திருந்தது கியூபாவின் தென்கரையிலுள்ள டிரினிடாட் நகரம். தோற்றால் எஸ்காம்பிராய் மலைக்குள் பதுங்கலாம். அது அதிக ஆரவாரமாக இருக்கிறது என்று வாஷிங்டன் கருதியதால், மலைக்கும் கடற்கரைக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் கிடக்கும், பன்றிகள் விரிகுடாவைச் சூழ்ந்த சபாட்டா சதுப்புப் பகுதிக்குத் திட்டம் மாறியது. அங்கே வாழ்ந்தவர்கள், மரம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுட்டு வயிறு கழுவிய ஏழைகள். புரட்சிக்குப் பிறகுதான் அவர்களுக்குச் சாலை வந்தது, எழுத்தறிவிக்க ஆசிரியர்கள் வந்தார்கள். 1959 கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் அந்தச் சதுப்பு நிலத்துக் கரித் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தோடு அமர்ந்து பிடல் காஸ்ட்ரோ உணவருந்தியிருந்தார். தங்களை விடுவிக்க ஒரு படை வருகிறது என்று கரையிலிருந்து கைதட்டக் கூடிய மக்களா இவர்கள்?

இதைச் சொல்வதால் காஸ்ட்ரோவின் ஆட்சிக்கு நான் நற்சான்று தருவதாக யாரும் எண்ண வேண்டாம். படையெடுப்பு நடந்த நாள்களில் சந்தேகத்தின் பேரில் மட்டுமே பல்லாயிரம் பேர் பிடிக்கப்பட்டு, அரங்குகளிலும் திரையரங்குகளிலும் அடைத்து வைக்கப்பட்டார்கள். வந்து இறங்கியவர்களில் நிலத்தை இழந்த செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பது உண்மை. புரட்சி வீழ்த்திய சர்வாதிகாரி பாடிஸ்டாவை எதிர்த்து நின்று, தேர்தல் வரும் என்று காத்திருந்து ஏமாந்தவர்களும் அவர்களோடு இருந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

என்னை இன்றும் உறுத்துவது ஒரு வீடுதான். காஸ்ட்ரோ வென்று வந்ததும் 1959 ஜனவரியில் கியூபாவின் பிரதமரானவர் ஹோசே மிரோ கார்டோனா. இரண்டே ஆண்டுகளில் அவர் நாடுகடந்த கியூபர்களின் புரட்சி மன்றத்துக்குத் தலைவராகி, காஸ்ட்ரோ வீழ்ந்தால் அமைய வேண்டிய அரசின் முகமாக நிறுத்தப்பட்டார். ஆனால் படை புறப்பட்டதும் அமெரிக்கர்கள் அவரையும் சகாக்களையும் மயாமி அருகே ஓபா-லோக்கா விமானத் தளத்தில் ஒரு வீட்டில் வைத்து, வெளியே ஆயுதக் காவல் போட்டு, யாரோடும் பேசவிடாமல் அடைத்துவிட்டார்கள். போர் தொடங்கிவிட்டது என்று அவர்கள் அறிந்தது வானொலியில். அவர்கள் பெயரால் வெளிவந்த அறிக்கைகள், சி.ஐ.ஏ. எழுதிக் கொடுத்து, நியூயார்க்கில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் வழியாக வெளியிடப்பட்டவை. மிரோ கார்டோனாவின் மகன் அப்போது கடற்கரையில் அந்தப் படையோடு இருந்தார்.

தன் பிள்ளையைக் களத்துக்கு அனுப்பிய ஒருவர், தன் வாய் பேசாத சொற்களைத் தன் பெயரில் கேட்டுக்கொண்டு பூட்டிய வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இதற்குப் பெயர் உதவியா? நாட்டை இழந்தவர்களுக்குத் தங்கள் சொந்தப் போரிலேயே ஒரு குரல் இல்லாமல் செய்ததை, கென்னடி நிறுத்திய விமானங்களைவிடப் பெரிய துரோகமாக நான் கருதுகிறேன்.

மற்றவை விரைவில் முடிந்தன. இருட்டில் பவளப்பாறைகள் படகுகளின் அடியைக் கிழித்தன. வெடிபொருள் ஏற்றி வந்த ரியோ எஸ்கோண்டிடோ கப்பல் முதல் நாளே வெடித்துச் சிதறியது. ஏப்ரல் 19 மாலைக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. படையணியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், ஏறத்தாழ 1,200 பேர் சிறைப்பட்டனர். உணவும் மருந்துமாக 5.3 கோடி டாலர் மதிப்புக்கு ஈடு பேசி அவர்களை மீட்க 1962 டிசம்பர் ஆனது.

அந்த டிசம்பர் 29 அன்று மயாமியின் ஆரஞ்சு பவுல் அரங்கில், அவர்கள் தங்கள் படைக்கொடியை கென்னடியிடம் ஒப்படைத்தார்கள். சுதந்திர ஹவானாவில் இதைத் திருப்பித் தருவேன் என்று அவர் வாக்களித்தார். 1976இல், ஹவானாவுக்குப் போகாமலேயே, அந்தப் படையினர் தங்கள் கொடியைக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.