காப்பகத்தை மூடிக் காசு பார்க்கிறார்களா?

"பிரிட்டனில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் காப்பகங்களை மூடி, அந்தப் பணத்தை முதலீட்டாளர்களுக்குத் தருகிறார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

2016இல் அங்கே 8 கோடி பவுண்டில் அறிவிக்கப்பட்ட 'லைஃப் சான்சஸ் ஃபண்ட்' போன்ற நிதித் திட்டங்களைத்தான் இப்படித் திரித்திருக்கிறார்கள். பொதுவாக உதவிச் சேவையை நடத்த முதலீட்டாளர் முன்பணம் போடுவார். பேசிய பலன் கிடைத்தால்தான் உள்ளாட்சியும் அரசும் பணம் கொடுக்கும். கிடைக்காவிட்டால் அவர் போட்டதை இழக்கலாம்.

இவற்றில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான திட்டங்களில், பிள்ளை காப்பகத்துக்குப் போகும் நிலை வராமல் பார்ப்பதே நோக்கம். தன்னையே அடித்துக்கொள்ளும் பிள்ளையின் வீட்டுக்கு உளவியலாளர் வந்து பெற்றோருக்கு வழிகாட்டுவது, இரவெல்லாம் விழித்த அம்மா ஓரிரு நாள் தூங்கி எழப் பிள்ளையை வேறிடத்தில் பார்த்துக்கொள்வது, இப்படியான உதவிகள். பாவம், அந்த ஓய்வுக்கு ஏங்கும் குடும்பங்களையே இந்த வதந்தி பயமுறுத்துகிறது.

காப்பகம் தேவைப்படும் பிள்ளைக்கு இடம் தரும் கடமை இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி உள்ளாட்சிக்கு அப்படியே இருக்கிறது. பிரிட்டன் அரசின் இணையதளத்திலும், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் 'கவர்ன்மென்ட் அவுட்கம்ஸ் லேப்' தளத்திலும் சரிபார்க்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.