தகுதி உள்ளவர்களுக்கு மட்டும் ஓட்டாம்!

தகுதி உள்ளவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு இருக்க வேண்டும் என்று ஒருவர் பேசும் அந்தக் காணொளியை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், பார்த்துவிட்டேன். "அந்தக் காலத்து இங்கிலாந்தில் சொத்தும் படிப்பும் உள்ளவன் மட்டும் ஓட்டுப் போட்டான், அரசியல் சுத்தமாக இருந்தது" என்கிறார் அந்த ஐயா. அரங்கமே கைதட்டுகிறது.

சுத்தமா? ஓல்ட் சாரம் என்று ஒரு தொகுதி. ஊரே கிடையாது, வெறும் மேடு, அதற்கு இரண்டு எம்.பி. நம் மதராஸில் கவர்னராக இருந்த தாமஸ் பிட், இந்திய வியாபாரத்தில் சேர்த்த காசில் அந்த நிலத்தை வாங்கிப்போட்டார், ஓட்டும் கூடவே வந்துவிட்டது. பேரன் வில்லியம் பிட் 1735இல் அந்த மேட்டின் பெயரைச் சொல்லித்தான் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். மான்செஸ்டர் என்ற பெரிய தொழில் நகரத்துக்கோ 1832 வரை ஒரு எம்.பி.கூட இல்லை. ஓட்டுப் போடுகிற ஆள் குறையக் குறைய விலைக்கு வாங்குவது சுலபம், அவ்வளவுதான் விஷயம்.

"இங்கே மட்டும் காசு கொடுக்கவில்லையா?" என்று வருவீர்கள். கொடுக்கிறார்கள், அசிங்கம்தான். ஆனால் இங்கே கொடுத்துவிட்டும் தோற்கிறார்களே! ஓல்ட் சாரத்தில் பிட் குடும்பம் பயந்துகொண்டா இருந்தது?

சரி, படித்தவர்களுக்கு மட்டும்? அப்போது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கென்றே தனி எம்.பி.க்கள் இருந்தார்கள், ஓட்டுப் போட்டதெல்லாம் அங்கே பட்டம் வாங்கியவர்கள். கத்தோலிக்கர்களும் நாடாளுமன்றத்தில் உட்காரட்டும் என்று அந்தத் தொகுதியின் எம்.பி.யும் உள்துறை அமைச்சருமான ராபர்ட் பீல் இறங்கிவந்ததும், 1829இல் அந்த மேதாவிகள் அவரைத் தோற்கடித்தார்கள். அவர் அப்புறம் உள்ளே வந்தது வெஸ்ட்பரி வழியாக. அதுவும் ஒரு பணக்காரரின் கைக்குள் இருந்த தொகுதி!

"அந்தக் காலத்தை இந்தக் காலத்துக் கண்ணால் பார்க்கக் கூடாது" என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். ஐயா, அந்தக் காலத்து ஜனங்களே ஓட்டுரிமை கேட்டார்கள். 1819 ஆகஸ்ட் 16, மான்செஸ்டர், சுமார் 60,000 பேர் குழந்தைகுட்டியோடு கூடி நின்று கேட்டார்கள். உள்ளூர் முதலாளிகளும் கடைக்காரர்களும் இருந்த குதிரைப்படை வாளோடு கூட்டத்துக்குள் பாய்ந்தது. செத்தவர்களில் இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. தகுதி உள்ளவர்களின் லட்சணம் இது. 1832இல் சீர்திருத்தம் என்று கொண்டுவந்த சட்டத்திலும் 'ஆண்' என்று எழுதிவைத்தார்கள், ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கு ஓட்டு வந்தது 1928இல்தான். முன்வரிசையில் கைதட்டிய அக்காமார்கள் இதையும் படிக்கலாம்.

எனக்கேன் இவ்வளவு கோபம் என்றால், நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் லாரிக்குப் பணம் கட்டுவது நான், சங்கக் கூட்டத்தில் வாயைத் திறந்தால் "நீங்க டெனன்ட்தானே சார், ஓனரைப் பேசச் சொல்லுங்க" என்கிறார் செயலாளர். ஓனர் இருப்பது துபாயில். மோட்டார் ஓடாதது அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு ஓட்டு உண்டு, வாளியோடு மூன்று மாடி ஏறுகிற எனக்கு இல்லை. என்னை அப்படிச் சொன்ன அதே செயலாளர்தான் இந்தக் காணொளியையும் குரூப்பில் போட்டு, "சிந்திக்க வேண்டிய கருத்து" என்று எழுதியிருக்கிறார். பதில் போடலாம் என்று பார்த்தால், அந்தக் குரூப்பிலும் ஓனர்கள் மட்டும்தான் எழுத முடியுமாம்.