டம்பலுக்குப் படுக்கை, எனக்குத் தரை

(சரக்கு ஏற்றும் கிடங்கின் வாசல். வரிசையில் முன்னால் ஆறு லாரிகள். ஒரே லாரியை மாறி மாறி ஓட்டும் இருவர்: மூத்தவர் மாணிக்கம், இளையவர் செல்வம். விடிய விடிய ஓட்டிய செல்வம், இருக்கைக்குப் பின்னால் உள்ள படுக்கையில் விழுகிறான்.)

செல்வம்: ஐயோ! அண்ணே, போர்வைக்குள் யாரோ இருக்கிறார்கள். இடுப்பிலேயே இடித்துவிட்டார்!

மாணிக்கம்: யாரும் இல்லை. அது டம்பல், உடற்பயிற்சிக்குத் தூக்கும் இரும்பு. பத்து கிலோ.

செல்வம்: அதற்கு எதற்குப் போர்வை? குளிருகிறதா?

மாணிக்கம்: உருளாமல் இருக்கட்டும் என்று போர்த்தினேன். தலைமாட்டில் பை இருக்கும், அதை மிதித்துவிடாதே. கயிறு, ரப்பர் பட்டை, கைப்பிடி ஸ்பிரிங் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

செல்வம்: லோடு ஏற்றுவதற்கு முன்பே லோடு ஏறிவிட்டதா? திடீரென்று உங்களுக்கு என்ன ஆயிற்று?

மாணிக்கம்: நேற்று வளைவில் திரும்பும்போது ஹார்ன் அடித்ததே, நினைவிருக்கிறதா?

செல்வம்: நீங்கள்தானே அடித்தீர்கள்?

மாணிக்கம்: நான் அடிக்கவில்லை. என் வயிறு அடித்தது.

செல்வம்: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) நேற்று மட்டும் 600 கிலோமீட்டர் ஓடினோமே, அது போதாதா?

மாணிக்கம்: ஓடியது லாரி. நீயும் நானும் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தோம். மூட்டையாவது ஊர் வந்ததும் இறங்கிவிடும்.

செல்வம்: சரி, இந்த டம்பல் விஷயத்துக்கு வாருங்கள். நாம் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். ஒரு மாடு குறுக்கே வருகிறது. பிரேக் போடுகிறேன். லாரி நிற்கும், டம்பல் நிற்குமா?

மாணிக்கம்: போர்வை இருக்கிறதே!

செல்வம்: பள்ளியில் நான் கவனித்துக் கேட்ட ஒரே பாடம் இதுதான் அண்ணே. 60 கிலோமீட்டர் வேகம் என்பது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம். நாலு மாடிக்கு மேலிருந்து பத்து கிலோ இரும்பை என் பிடரியில் போடுவதும், அதை என் பின்னால் படுக்க வைத்துவிட்டு நான் திடீரென்று நிற்பதும் ஒன்றுதான்.

மாணிக்கம்: (சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு) முந்தாநாள் அது பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை.

செல்வம்: முதலில் அதைத் தூக்கி வெளியே இருக்கும் கருவிப் பெட்டியில் ஜாக்கியோடு வைத்துப் பூட்டுங்கள்!

(டம்பல் வெளியேறுகிறது. அதைத் தூக்கிக்கொண்டு இறங்கியதுதான் அந்த வாரத்தில் மாணிக்கம் அதைக் கொண்டு செய்த முதல் பயிற்சி.)

மாணிக்கம்: இனி எடைக்குத் தண்ணீர் கேன் போதும். ஐந்து லிட்டர் நிரப்பினால் ஐந்து கிலோ. எப்படியும் வண்டியில் இருப்பதுதானே. கனமாக இருந்தால் கொஞ்சம் குடித்துவிட்டுத் தூக்கலாம்.

செல்வம்: குடித்தால் அந்த எடை வயிற்றுக்குள் போய்விடுமே? மறுபடியும் ஹார்ன் அடிக்கும்.

மாணிக்கம்: உன்னிடம் பேசினால் வியர்வைகூட வராது. இதைப் பார், ரப்பர் பட்டை. சுருட்டினால் சட்டைப் பையில் அடங்கும், இழுக்க இழுக்கக் கனம் கூடும். இரும்பு மாதிரி பிடரியிலும் விழாது.

செல்வம்: நேற்று முகத்தில் விழுந்ததே?

மாணிக்கம்: அது என் தவறு. முன் கண்ணாடிக்கு அடியில் வெயிலில் போட்டு வைத்திருந்தேன். வெயில் ரப்பருக்கு எமன். பொடிப்பொடியாக வெடித்திருந்ததைக் கவனிக்காமல் இழுத்தேன். இது புதியது. இழுப்பதற்கு முன் ஒருமுறை தடவிப் பார்த்துவிட வேண்டும், டயரைத் தடவுகிற மாதிரி.

செல்வம்: அதற்கு முந்தைய நாள் பக்கக் கண்ணாடியின் தண்டில் கட்டி இழுத்தீர்கள். திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணாடியில் எனக்கு வானம்தான் தெரிந்தது.

மாணிக்கம்: இப்போது எதிலும் கட்டுவதில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தைச் சுற்றிப் பட்டையைப் போட்டு, துடுப்புப் போடுவது மாதிரி வயிற்றுப் பக்கம் இழுக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தோள் முன்னால் சுருண்டு கிடக்கிறது அல்லவா, அதைப் பின்னால் இழுக்க வேண்டும். செருப்பு மட்டும் போட்டுக்கொள்ளாதே.

செல்வம்: ஏன்?

மாணிக்கம்: வழுக்கும். பட்டை நேராக முகத்துக்குத்தான் வரும். அதற்குப் பழைய பகை உண்டு.

செல்வம்: அந்தக் கைப்பிடி ஸ்பிரிங்கை ஓட்டும்போது அழுத்திக்கொண்டே போகலாமா? ஒரு கை சும்மாதானே இருக்கும்?

மாணிக்கம்: ஓட்டும்போது எந்தக் கையும் சும்மா இருக்கக் கூடாது. நின்ற பிறகு செய். நிற்கும் நேரம்தான் நமக்குக் கொட்டிக் கிடக்கிறதே! இங்கே எத்தனை மணி நேரமாக நிற்கிறோம்?

செல்வம்: மூன்று மணி நேரம். அதில் இரண்டரை மணி நேரம் கிடங்குக்காரரைத் திட்டினேன்.

மாணிக்கம்: அந்த நேரத்தில் குதிகாலையாவது தூக்கி இறக்கியிருக்கலாம். காலில் இறங்கும் ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசைதான். அசையாமல் உட்கார்ந்தால் ரத்தம் தேங்கும், சிலருக்கு உறைந்தும்விடும். அந்தத் தசையை இரண்டாவது இதயம் என்றே சொல்கிறார்கள்.

செல்வம்: இருக்கும் ஒரு இதயத்தையே வீட்டில் விட்டுவிட்டுத்தான் வண்டி ஏறுகிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இதெல்லாம் செய்ய வேண்டும்?

மாணிக்கம்: வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பெல்லாம் பத்துப் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு. 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாகச் செய்தாலும் செல்லும்.

செல்வம்: நமக்காகவே எடுத்த மாதிரி இருக்கிறது. சரி, எதிலிருந்து தொடங்குவது? கேனைத் தூக்கட்டுமா?

மாணிக்கம்: பொறு, பொறு. மணிக்கணக்காக உட்கார்ந்து, வண்டியின் அதிர்வை இடுப்பில் வாங்கிவிட்டு, இறங்கியதும் பளு தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். முதலில் நட. லாரியை ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் நாற்பது மீட்டர். இருபத்தைந்து சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர்.

(செல்வம் கதவைத் திறந்து குதிக்கப் போகிறான்.)

மாணிக்கம்: குதிக்காதே! முழங்கால் போய்விடும். வண்டியைப் பார்த்தபடி, கைப்பிடியைப் பிடித்து, படி படியாக இறங்கு.

(செல்வம் இறங்கிச் சுற்றத் தொடங்குகிறான். மாணிக்கம் பின்னால் வருகிறார். நான்காவது சுற்றில் செல்வம் நிற்கிறான்.)

மாணிக்கம்: அதற்குள் மூச்சு வாங்குகிறதா?

செல்வம்: எனக்கு இல்லை அண்ணே, டயருக்கு. பின்னால் இடது பக்கம், வெளி டயர். பெரிய ஆணி. புஸ் என்று சத்தம் வருகிறது.

மாணிக்கம்: பார்த்தாயா? நடந்ததால்தானே கண்ணில் பட்டது!

செல்வம்: நடக்காமல் இருந்திருந்தால் அது நல்ல டயராகவே இருந்திருக்கும். நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மாணிக்கம்: புலம்பாதே. ஜாக்கியை எடு. மாற்றுச் சக்கரத்தை இறக்கி, பத்து நட்டுகளைக் கழற்றி மாட்டினால் நாளைய பயிற்சியும் சேர்ந்து முடிந்துவிடும்.

செல்வம்: இதோ கருவிப் பெட்டியைத் திறக்கிறேன். அண்ணே, ஜாக்கியின் மேல் டம்பல் ஏறிப் படுத்திருக்கிறது.

மாணிக்கம்: அதைத் தூக்கி அந்தப் பக்கம் வை. ஆனால் உடனே தூக்காதே, உடம்பு இன்னும் சூடாகவில்லை. இன்னும் இரண்டு சுற்று நடந்துவிட்டு வருவோம்.

செல்வம்: வேண்டாம் அண்ணே! மாற்றுச் சக்கரம் ஒன்றுதான் இருக்கிறது.