எல்லாருக்கும் நல்லவன்

ரெட்டை நாக்குக்காரனை எல்லாரும் திட்டுகிறோம். அவன் பிழைப்பு யாரால் ஓடுகிறது என்று மட்டும் பேசுவதில்லை.

பாம்பனில் எனக்கு ஒரு சிநேகிதன். படகு, வலை எதுவும் கிடையாது, ஐஸ் வியாபாரம். எங்கள் மாவட்டத்தில் வாரத்துக்கு 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று கடலுக்குப் போக முறை உண்டு. அவன் கருத்தும் அந்த முறைப்படியே மாறும். விசைப்படகு ஓனரிடம், "டீசல் விக்கிற விலைக்கு 3 நாள் தொழில் எப்படிண்ணே கட்டும்?" என்பான். மறுநாள் நாட்டுப்படகுக்காரரிடம், "ரெண்டு படகு சேர்ந்து இழுக்கிற இரட்டைமடி வலையைப் போட்டு மீன்குஞ்சைக்கூட விடாம அரிச்சிட்டாங்க மாமா" என்பான்.

விசைப்படகு கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் வந்து வலை இழுக்கக் கூடாது என்று 1983லேயே சட்டம் வந்துவிட்டது. இரட்டைமடிக்கும் தடை. ஆனாலும் நாட்டுப்படகுக்காரர் வலை அறுகிறது, அதற்கு யார் காசு கொடுப்பது என்று சண்டை வருகிறது. இரண்டு பக்கமும் கடன் வாங்கித் தொழில் பார்க்கிறவர்கள். இந்த விவகாரத்தில் இரு பக்கமும் தூபம் போடுவது சின்ன விஷயமில்லை.

"வியாபாரி அப்படித்தான் இருப்பான்" என்பார்கள். சரி, ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு நகராது, ஐஸும் எடுக்காது. அப்போதும் அவன் ஓனர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆமாம் போடுகிறானே, அது எந்த வியாபாரம்? எதிரே இருப்பவர் "நம்ம பய" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அது கிடைக்காத நாளில் அவனுக்குச் சோறு இறங்காது. காசுக்குப் பொய் சொல்கிறவனைவிட இவன்தான் ஆபத்து. அவனுக்காவது ஒரு கணக்கு உண்டு.

என் தங்கை கல்யாணக் கடனுக்கு "கவலைப்படாத மாப்ள" என்று தோளில் கை போட்டவன், டீக்கடையில் "தகுதிக்கு மீறி ஆடுறான்" என்றிருக்கிறான். வந்து சொன்னவர் முகத்தில் என்ன ஒரு குஷி! அவருக்கும் என்னிடம் நல்ல பெயர் வேண்டும்.

"என்னைப் பத்தி என்ன சொன்னான்?" என்று ஊரே அவனிடம் மாறி மாறிக் கேட்கிறது. கேட்கிறவரைக்கும் அவன் சொல்லிக்கொண்டுதான் இருப்பான். ஊர் நம்மை மெச்ச வேண்டும் என்கிற நம் அரிப்பில்தான் அவன் கடை நடக்கிறது. நான் சண்டை போடவில்லை. வீட்டு விஷயம் பேசுவதை நிறுத்தினேன். அப்புறம் அவனே வருவதைக் குறைத்துக்கொண்டான்.

போன முறை வலை அறுந்த பஞ்சாயத்தில் இரு தரப்பும் அவனைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். பரமக்குடியில் ஒரு விசேஷம் என்று கிளம்பிவிட்டான். ஐஸ் மட்டும் இன்னும் அவனிடம்தான் வாங்குகிறார்கள். ஐஸில் ஒரு குறையும் சொல்ல முடியாது.